சென்னையில் அசேலியாவை விதை போட்டு வளர்க்க முடியுமா?

மலைக் குளிரில் பூக்கும் புதர்ச்செடியான அசேலியாவை முளைக்க வைக்கலாம். பூக்க வைப்பதுதான் இங்கே நடக்காத காரியம். மாம்பலம் வீட்டில் விதை போட்டுப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

குன்னூரில் பெரியம்மா வீட்டு வேலியோரச் செடியில், பழுப்பேறி நுனி பிளக்கத் தொடங்கியிருந்த காய்களைப் பறித்துக் காகித உறையில் போட்டு எடுத்துவந்தேன். இரண்டு நாளில் உறையின் அடியில் மூக்குப்பொடி போலப் படிந்திருந்ததுதான் விதை. அதைப் புதைக்கக் கூடாது; வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். தென்னைநார்த் தூளை உப்புப் போக ஐந்து முறை அலசிப் பிழிந்து, மூடியுள்ள டப்பாவில் பரப்பி, மேலாகத் தூவினேன். பூவாளி கூடாது, தெளிப்பான் மட்டும். டிசம்பர் மாதம், வடக்குப் பார்த்த ஜன்னல். பதினெட்டாம் நாள் மூடியைத் திறந்தால் பச்சைப் பொட்டுகள்! கடுகில் பாதிகூட இல்லாத இரட்டை இலைகள். அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்த சோதனை தண்ணீர். அசேலியாவுக்கு அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும்; பிஎச் அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 4.5 முதல் 6 வரை. எங்கள் போர்வெல் நீரோ வாளியில் வெள்ளைப் படிவு விடும் காரத்தன்மையுள்ள ரகம். பிப்ரவரியில் இலை மஞ்சளானது, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாததன் அடையாளம் அது. ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றினேன். பிறகு வந்த தளிர்கள் பச்சையாகவே வந்தன. உங்களிடம் சேமித்த மழைநீர் இருந்தால் இன்னும் நல்லது.

மே மாத வெயிலில் நாற்பது கன்றுகளில் ஆறு மிஞ்சின. வேர் மயிரிழை போல மேலாகவே ஓடுவதால் தொட்டி சுட்டால் தாங்காது. அந்த ஆறும் இங்கேயே இருந்திருந்தால் பூத்திருக்காது. மொட்டு விரியப் பல வாரங்கள் சுமார் 10 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். சென்னையின் ஜனவரி இரவே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது.

ஜூனில் ஆறையும் பெரியம்மாவிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். மலையில் உங்களுக்கும் யாராவது இருந்தால் தயங்காமல் விதை போடுங்கள். இல்லையென்றால் பாலைவன ரோஜா எனப்படும் அடீனியம் விதை வாங்குங்கள். புதிய விதை ஒரு வாரத்தில் முளைக்கும், நம் வெயிலையும் விரும்பும். இரண்டுமே நச்சுச் செடிகள், குழந்தைகள் இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குன்னூர்க் கன்றுகளில் ஒன்று மூன்றாம் வருடம் பூத்தது. தாய்ச்செடியின் பூ அடர் சிவப்பு. இதுவோ வெளிர் ரோஜா நிறம், தொண்டையில் மட்டும் சிவப்புப் புள்ளிகள்.