மமாலா மரமும் 90 நாள் மருந்தும்

வாசகர் கடிதம்:

அண்ணா வணக்கம். மூணு வருஷமா உங்க சைட்டைப் படிக்கிறேன், எழுதறது இதான் முதல் தடவை. பேர் போட வேண்டாம் ப்ளீஸ். எங்க அக்கா வீட்டுக்காரர் 6 வருஷமா எச்ஐவிக்கு ஏஆர்டி மாத்திரை எடுத்துக்கிறார், கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஃப்ரீயா தர்றதுதான். போன தடவை ரத்தத்துல வைரஸ் எவ்வளவுன்னு பார்க்கற வைரல் லோடு டெஸ்ட்ல டிஎன்டினு வந்துச்சு, ஆள் நல்லாத்தான் இருக்கார். இப்போ ஒரு வைத்தியர் 90 நாள் மூலிகை கோர்ஸ்ல வைரஸ் உடம்பை விட்டே போயிடும், ஆனா இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினாத்தான் இது பிடிக்கும்னு சொல்லியிருக்கார். கூடவே ஒரு வாட்ஸப் மெசேஜ். சமோவாங்கிற தீவுல ஒரு மரப்பட்டைல எய்ட்ஸுக்கு மருந்து இருக்கு, அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சு மறைச்சு வச்சிருக்கான்னு. மாமா முக்கால்வாசி முடிவே பண்ணிட்டார். அக்கா அழுதுட்டே இருக்கா. அந்த மரம் நிஜமா? நம்ம மூலிகைல ஒண்ணுமே இல்லையா? திட்டாம சொல்லுங்கண்ணா, மாமாகிட்ட அப்படியே காட்டணும்.

பதில்:

தங்கச்சி, மத்ததெல்லாம் அப்புறம். மாத்திரையை நிறுத்த வேண்டாம்னு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடு, மீதியை நிதானமா படிக்கலாம்.

டிஎன்டின்னா ரத்தத்துல டெஸ்ட்டுக்குச் சிக்கற அளவுக்கு வைரஸ் இல்லைன்னு அர்த்தம், போயே போச்சுன்னு அர்த்தம் இல்ல. எச்ஐவி நம்ம வெள்ளையணு சிலதோட டிஎன்ஏக்குள்ளயே தன்னை எழுதி வச்சுட்டு சத்தமில்லாம படுத்துக்கும். மாத்திரை, வெளில நடமாடற வைரஸைத்தான் தடுக்கும், படுத்துக் கிடக்கறதைத் தொடாது. நிறுத்தினா பெரும்பாலான பேருக்கு ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துல ரத்தத்துல திரும்ப ஏறிடும். ஆனா ஏறினது உடம்புக்கு உடனே தெரியாது, அதான் ஆபத்து, மாத்திரை இல்லாம ரெண்டு மூணு மாசம் ஆள் ஜம்முனு இருப்பார், பேர் வைத்தியருக்குப் போகும், அப்புறம் பல மாசமோ சில வருஷமோ கழிச்சு டிபியோ வேற எதுவோ வந்து படுக்கும்போது அந்த 90 நாளை யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க.

இப்ப மரத்துக்கு வர்றேன். மரம் நிஜம். பேரு மமாலா, பசிபிக் கடல்ல இருக்கற சமோவாவுல சவாயி தீவுல இருக்கு. பால் ஆலன் காக்ஸ்னு ஒரு அமெரிக்கத் தாவரவியல்காரர், அவங்கம்மா மார்பகப் புற்றுநோய்ல இறந்த பிறகு 1984ல குடும்பத்தோட அங்க ஃபலேயாலுபோங்கிற கிராமத்துக்குப் போயி, நாட்டு வைத்தியம் பார்க்கிற அம்மாக்கள்கிட்ட உட்கார்ந்து என்ன செடி, எந்த நோய், எப்படிக் காய்ச்சறதுன்னு எழுத ஆரம்பிச்சார். அதுல எபெனேசா மவுயிங்கோவாங்கிற அம்மா மமாலா தண்டைச் சுரண்டித் தண்ணில ஊறவச்சு மஞ்சள் காமாலைக்குக் குடுக்கறதைச் சொன்னாங்க. கவனிச்சுக்கோ, காமாலைக்கு. எய்ட்ஸ்ங்கிற பேச்சே அங்க இல்ல.

காக்ஸ் கொண்டுபோன சாம்பிளை அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்துல பிரிச்சுப் பார்த்தப்போ ப்ராஸ்ட்ராட்டின்னு ஒரு பொருள் எச்ஐவி கிட்ட வேலை காட்டுச்சு. அந்தப் பொருளே புதுசில்ல, நியூசிலாந்துல ஆடு மாட்டுக்கு விஷமான ஒரு செடிலேர்ந்து 1976லயே எடுத்தது, அது எச்ஐவிக்கு ஆகும்னுதான் யாருக்கும் தெரியல. 1992ல பேப்பரா பப்ளிஷ் பண்ணிட்டாங்க, யார் வேணா படிக்கலாம், இதுல மறைச்சதுன்னு ஒண்ணும் இல்ல. மறைக்கிறதை விடு, மருந்தா வந்தா லாபத்துல 20 சதவீதம் சமோவாவுக்குன்னு 2001ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, 2004ல பெர்க்லி பல்கலைக்கழகம் இந்த மரத்தோட ஜீனை பாக்டீரியால ஏத்தி மருந்து தயாரிக்கப் பார்க்கிறோம்னு வந்து பாதிக்குப் பாதின்னு கையெழுத்து போட்டுச்சு. அந்த வைத்தியம் பார்த்த குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. நம்ம ஊர்ல பாட்டிகிட்ட கேட்டு எழுதிட்டுப் போய்த் தன் பேர்ல புக் போடறவங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கேன்.

மாமா இந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை படிக்கணும். ப்ராஸ்ட்ராட்டின் படுத்துக் கிடக்கிற வைரஸைத் தட்டி எழுப்பும். மாத்திரை தொடாத அந்தப் பதுங்கினதை வெளில இழுத்து, வெளில வந்ததை உடம்பும் மாத்திரையும் சேர்ந்து முடிக்கட்டும்கிறதுதான் ஐடியா. அதனாலதான் ஆராய்ச்சிக்காரங்களுக்கு அது மேல அவ்ளோ ஆசை. அப்போ மாத்திரையை நிறுத்திட்டு அந்தப் பட்டையைக் குடிச்சா என்ன ஆகும்? புத்துல கைய விட்டுக் கிளப்பிட்டுத் தடியைத் தூக்கி எறிஞ்ச கதைதான். வைத்தியர் சாட்சிக்குக் கூப்பிட்ட மரமே ஏஆர்டி மாத்திரை கூட இருந்தாத்தான் வருவேங்குது.

அதுவும் இன்னும் மருந்துக்கடைக்கு வரல. மரத்துக்கு மரம் அதோட அளவு மாறுது, உடம்பு மொத்தத்துலயும் எத்தனையோ செல்லைச் சேர்த்துத் தூண்டற சரக்கு அது, எந்த அளவு மருந்து எந்த அளவு விஷம்னு பிடிபடணும். ப்ராஸ்ட்ராட்டினோட ரசாயனச் சொந்தக்காரன் யார் தெரியுமா, நம்ம நேர்வாளம். சித்த வைத்தியர்கள் சுத்தி பண்ணி விஷத்தை முறிக்காம தொடாத அதே பேதிக் கொட்டைதான். நேர்வாள எண்ணெய்ல இருக்கற ஒரு பொருள் புற்றுநோயைத் தூண்டிவிடும்னு லேப்ல எலித் தோல்ல தடவியே காட்டியிருக்காங்க, ப்ராஸ்ட்ராட்டின் அதே குடும்பத்துல பிறந்தும் அப்படித் தூண்டறதில்ல. 2008ல அமெரிக்காவோட ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல பால் வெண்டர் டீம் நேர்வாளத்துலேர்ந்து கிடைக்கிற சரக்கை வச்சே ப்ராஸ்ட்ராட்டினைச் செஞ்சு காட்டிடுச்சு. ஒரே குடும்பம்தான், அமைப்பு மாறினா ஒண்ணு நோய், ஒண்ணு மருந்து. இதைக் கண்ணளவுல கைப்பிடி போட்டுக் காய்ச்ச முடியுமா சொல்லு.

நம்ம மூலிகைல ஒண்ணுமே இல்லையான்னு கேட்டியே, அந்த வேலைல நானே ஒரு தடவை மூக்கு உடைபட்டிருக்கேன். எம்எஸ்சி ப்ராஜெக்ட்ல 14 செடி எடுத்து எச்ஐவி தன்னை டிஎன்ஏவா மாத்திக்கறதுக்கு வச்சிருக்கற ரிவர்ஸ் ட்ரான்ஸ்க்ரிப்டேஸ் என்சைமைத் தடுக்குதான்னு பார்த்தேன். வைரஸ் கிடையாது, என்சைம் மட்டும், கிட்ல வரும், தட்டுல குட்டிக் குட்டிக் குழியா இருக்கும், குழிக்கு ஒரு சாறு விடணும், கலர் வந்தா என்சைம் வேலை செய்யுது, கலர் வரலைன்னா தடுத்துடுச்சு. செடியை நிழல்ல காயவச்சு, இடிச்சு, மெத்தனால்ல ஊறவச்சு வத்த விட்டா அடில தார் மாதிரி ஒண்ணு ஒட்டும், அதைச் சுரண்டி எடுக்கறதுக்குள்ள கை ரெண்டும் கறுத்துடும். கடுக்காய் போட்ட குழில கலரே வரல, மாதுளம் தோல், ஆவாரம்பட்டை எதுலயும் வரல. ராத்திரி 11 மணிக்கு வீட்டுக்குப் போன் பண்ணி அம்மாகிட்ட எய்ட்ஸுக்கு மருந்து கண்டுபிடிச்சுட்டேன்னே சொல்லிட்டேன். மறுநாள் எங்க கைடு ஒண்ணும் பேசல, கேன்டீன் டீயைக் கொஞ்சம் வாங்கி, பால் ஊத்தாத டிக்காஷன், அதையும் ஒரு குழில விடச் சொன்னார். அதுலயும் கலர் வரல.

விஷயம் என்னன்னா எல்லாம் துவர்ப்பு. டானின். துவர்ப்பு புரோட்டீனைப் பிடிச்சு இறுக்கும், எந்தப் புரோட்டீன்னு பார்க்காது. கடுக்காயைக் கடிச்சா நாக்கு இழுக்குதே அது எச்சில்ல இருக்கற புரோட்டீனைப் பிடிக்கிறதுதான், ஆம்பூர் வாணியம்பாடி பக்கமெல்லாம் தோல் பதனிட ஆவாரம்பட்டை போட்டதும் இதே சங்கதிதான். என் மருந்து என்சைமைக் குணப்படுத்தல, பதனிட்டுடுச்சு. டானினைப் பிரிச்சு எடுத்துட்டு திரும்பப் போட்டேன், 14 குழிலயும் ஜோரா கலர் வந்துச்சு. "எச்ஐவியைத் தடுக்கும் மூலிகை"னு பேப்பர்ல வர்ற செய்தில கணிசமானது இந்த டிக்காஷன் கேஸ்தான். அம்மா மட்டும் இன்னிக்கும் சொந்தக்காரங்ககிட்ட பையன் ஏதோ கண்டுபிடிச்சான்னுதான் சொல்லிட்டிருக்காங்க.

அதுக்காக கையை விரிக்கல. நம்ம கீழாநெல்லியை எடுத்துக்கோ, அதுவும் காமாலை மருந்துதான், மமாலா மாதிரியே. சென்னைல தியாகராஜன் குழு, காமாலை வரவைக்கிற ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிச்சு நோபல் வாங்கின ப்ளம்பெர்க்கோட சேர்ந்து, 1988ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகைல பேப்பர் போட்டாங்க: கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு வைரஸோட அடையாளம் ரத்தத்துல இல்லாம போச்சு, மருந்தே இல்லாத சும்மா மாத்திரை சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் போச்சு. உலகமே திரும்பிப் பார்த்துச்சு. பிற்பாடு வேற இடங்கள்ல செஞ்சப்போ அந்த ரிசல்ட் திரும்ப வரல. வருத்தம்தான், ஆனா நான் அவங்களைக் கும்பிடறது ரிசல்ட்டுக்காக இல்ல, பாட்டி வைத்தியத்தை மதிச்சு சும்மா மாத்திரைக்கு எதிர்ல நிறுத்தி எண்ணிப் பார்த்தாங்களே அதுக்காக. எச்ஐவி கிட்டயும் கீழாநெல்லிச் சாறு லேப்ல வேலை காட்டியிருக்கு. லேப்லன்னுதான் சொல்றேன், டிக்காஷன் கதையை மறந்துடாதே.

செடி பெரும்பாலும் நாம கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றதில்ல. நித்யகல்யாணியைச் சுகருக்குன்னு தேடப் போய்த்தான் ரத்தப் புற்றுநோய் மருந்து கிடைச்சது. காமாலைக்குன்னு கேட்டா மமாலா எச்ஐவினு பதில் சொல்லுது. சித்தர்களே எய்ட்ஸுக்கு எழுதி வச்சுட்டாங்கன்னு சொல்றவர்கிட்ட, இந்த வைரஸ் மனுஷனுக்குள்ள வந்தே நூறு வருஷம் சொச்சம்தான் ஆகுதுன்னு சொல்லிப் பாரு. எய்ட்ஸைக் குணப்படுத்தும்னு எந்த மருந்தும் சொல்லிக்கக் கூடாதுன்னு நம்ம சட்டத்துல ஷெட்யூல் ஜேனு ஒரு பட்டியலே இருக்கு, முதல் பேரே எய்ட்ஸ்தான். 2007ல ஆப்பிரிக்கால இருக்கற காம்பியாவோட அப்போதைய ஜனாதிபதி ஜாமே நானே மூலிகைல குணப்படுத்தறேன்னு டிவில உட்கார்ந்து ஜனங்களோட மாத்திரையை நிறுத்த வச்சார், ஆட்சி போன பிறகு 2018ல உயிரோட மிஞ்சினவங்க அவர் மேல கேஸ் போட்டாங்க.

மாமா கஷாயம் ஏதாவது குடிச்சே தீருவேன்னா ஏஆர்டி சென்டர்ல சொல்லிட்டுக் குடிக்கட்டும், ஒளிக்க வேண்டாம், கவுன்சிலர் ஒண்ணும் கடிச்சுட மாட்டார். இப்ப குடுக்கறது பெரும்பாலும் டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒத்த மாத்திரை. கால்சியமும் இரும்பும் வயித்துல அதைப் பிடிச்சுக்கிட்டு ரத்தத்துல ஏற விடாது. சங்கு பற்பம் முழுக்கக் கால்சியம், அயச்செந்தூரம் இரும்பு. வெறும் வயித்துல ரெண்டையும் சேர்த்து முழுங்கினா மாத்திரை பாதி வீண், நடுவுல எத்தனை மணி நேரம் விடணும்னு சென்டர்லயே சொல்லுவாங்க. பூண்டு மாத்திரை கூட சாக்வினாவிர்ங்கிற பழைய மருந்தோட அளவை ரத்தத்துல பாதியாக்கினதை 2002லயே அளந்து பார்த்திருக்காங்க, குழம்புல போடற பூண்டைச் சொல்லல, பயந்துடாதே.

வைத்தியர்கிட்ட மாமா ஒண்ணே ஒண்ணு கேக்கட்டும்: மாத்திரையை நிறுத்தாம உங்க மருந்தையும் சாப்பிடறேன், என்னென்ன சரக்குன்னு ஒரு சீட்டுல எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க, ஏஆர்டி டாக்டர்கிட்ட காட்டணும். சீட்டு வந்தா எனக்கும் ஒரு போட்டோ அனுப்பு, படிச்சுட்டு எழுதறேன்.