கணவர் மனுவைத் திரும்பப் பெற்றாலும் அமெரிக்காவில் இருக்க வழியுண்டு

அமெரிக்கக் குடிமகனான உங்கள் கணவர், உங்களுக்காகத் தாக்கல் செய்த ஐ-130 மனுவை (மனைவிக்கு நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெறக் கணவர் செய்யும் மனு) திரும்பப் பெற்றதால் மட்டும் நீங்கள் ஊர் திரும்ப வேண்டியதில்லை. அவருடைய கொடுமைக்கு ஆளானவர் நீங்கள் என்றால், அவருடைய கையெழுத்தே இல்லாமல், ஐ-360 படிவத்தில், கட்டணமின்றி நீங்களே மனுச் செய்யலாம்.

"நான் இல்லாமல் உனக்கு விசா கிடையாது" என்று அவர் சொல்லிச் சொல்லி மிரட்டியதே, ஊர் திரும்ப வேண்டுமோ என்ற உங்கள் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம். நீங்கள் மனுச் செய்வதைக் குடிவரவுத் துறை அவருக்குத் தெரிவிப்பதைச் சட்டமே தடுக்கிறது.

விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டதென்றால் அதன் தேதியைப் பாருங்கள். அன்றிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுவைத் தாக்கல் செய்தாக வேண்டும், கொடுமைக்கும் மணமுறிவுக்கும் உள்ள தொடர்பையும் காட்ட வேண்டும். காவல்துறைப் புகார் இல்லையே என்று தயங்காதீர்கள். மருத்துவக் குறிப்புகள், குறுஞ்செய்திகள், நடந்ததை அறிந்தவர்கள் எழுதித் தரும் உறுதிமொழிக் கடிதங்கள் ஆகியவையும் சான்றுகளே. கடிதங்கள் வந்து சேர, அவர் கைக்கு எட்டாத முகவரியைக் கொடுங்கள்.

மனுவுக்கு ஒப்புதல் கிடைக்கும் முன் மறுமணம் செய்தால் அது நிராகரிக்கப்படும்.