ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஒரு நாற்காலி

அன்புள்ள ஐயா,

நான் கோத்தகிரியில் பள்ளி ஆசிரியை. சென்ற விடுமுறையில் லண்டனில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு பழைய தேவாலயத்தின் பரணில் இருக்கும் அறுவைக்கூட அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். 1822-ல் அமைத்த கூடம். குறுகலான சுழல் படிக்கட்டில் ஏற வேண்டும். மயக்க மருந்து இல்லாத காலத்தில் காலை எப்படி வெட்டி எடுத்தார்கள் என்பதைப் பார்வையாளர் ஒருவரை மேசையில் படுக்கவைத்தே விளக்கினார்கள். குழந்தைகள்கூட அசையாமல் கேட்டார்கள்.

இப்போது குன்னூரில் எங்கள் நண்பர்கள் சிலர் ஒரு பழைய பங்களாவில் சிறிய மருத்துவ வரலாற்று அருங்காட்சியகம் தொடங்க முயல்கிறார்கள். மாதாந்திர நிகழ்ச்சிகளைத் திட்டமிடும் பொறுப்பு எனக்கு. ஓவியப் போட்டி, வினாடி வினா, மருத்துவர்களின் சொற்பொழிவு, சிறுவர்களுக்கு மாறுவேடப் போட்டி என்று பட்டியல் போட்டிருக்கிறேன். கட்டணம் வைக்கலாமா? பயமுறுத்தும் கருவிகளைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா? கூட்டத்தை எப்படி வரவழைப்பது? நம் மக்களுக்கு வரலாற்றில் ஆர்வமே இல்லை என்பது என் அனுபவம். உங்கள் யோசனை வேண்டும்.

ஆர்., கோத்தகிரி

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் ஒன்றைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நம் மக்களுக்கு வரலாற்றில் ஆர்வம் இல்லை என்று யார் சொன்னது? தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் ஒரு சாயங்காலம் போய் உட்காருங்கள். எந்த வருஷம் எந்தத் துரை இருந்தார், எந்த மழையில் எந்தப் பாலம் போனது, யார் எந்தக் காய்ச்சலில் செத்தார்கள் என்று கிழவிகள் வரிசையாகச் சொல்வார்கள். அவர்களை நாம் கேட்பதில்லை. நாம் எழுதிவைத்த அட்டைகளை அவர்கள் வந்து படிக்கவில்லை என்பதற்காக ஆர்வம் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஒரு ஆசிரியை இப்படி எழுதக் கூடாது.

கட்டணத்தைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இல்லை. ஓவியப் போட்டியை வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. மாறுவேடப் போட்டியை மட்டும் அடித்துவிடுங்கள். வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் மாட்டிய பிள்ளைகள் மேடையில் நிற்பதில் மருத்துவத்தின் வரலாறு எங்கே இருக்கிறது? யாராவது ஒரு பிள்ளை நோயாளி வேடம் போட்டு வந்து நீங்கள் பார்த்ததுண்டா?

நான் சில காலமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் பட்டியலை மறுபடி பாருங்கள். சொற்பொழிவாற்றுபவர் மருத்துவர். பரிசு கொடுப்பவர் மருத்துவர். வினாடி வினாவில் விடையாக வரப்போகும் பெயர்கள் எல்லாம் மருத்துவர்கள். மருத்துவம் என்பது இரண்டு பேருக்கு நடுவில் நடப்பது. ஒருவர் ஊசியைப் பிடிப்பவர், இன்னொருவர் சதையைக் கொடுப்பவர். அந்த இரண்டாவது ஆளுக்கு உங்கள் நிகழ்ச்சியில் ஒரு நாற்காலிகூட இல்லை.

நீங்கள் தொடங்கப்போகும் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இருக்கும் பாஸ்டியர் ஆய்வகம் 1907-ல் வந்தது. அதற்கு முன்பு தென்னாட்டில் வெறிநாய் கடித்தால் இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்குத்தான் போக வேண்டும். அங்கே ஆய்வகம் வந்ததே 1900-ல்தான். 1902-ல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநாய் கடித்து இறந்தார். அந்தச் சாவு அரசாங்கத்தை உலுக்கியது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் தந்த நன்கொடை துணைக்கு வந்தது. குன்னூரில் கட்டடம் எழுந்தது. லில்லியின் பெயரை நாம் நினைவில் வைத்திருப்பது சரிதான். அந்தப் பெண்ணுக்கு முன்பு இதே மலையிலும் கீழே கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் தண்ணீரைக் கண்டு அலறிச் செத்த கூலிக்காரர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? அவர்கள் செத்ததும் சாவுதான். ஒரு அருங்காட்சியகம் அந்தப் பெயரில்லாதவர்களுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்ட பாஸ்டியரின் கதையிலேயே எனக்குப் பிடித்த ஆள் பாஸ்டியர் இல்லை. 1885 ஜூலையில், வெறிநாய் கடித்ததென்று அல்சாஸிலிருந்து தாய் அழைத்துவந்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையன். அவன் பிழைத்தான். வளர்ந்தபின் பாரிஸில் அதே பாஸ்டியர் நிறுவனத்தில் வாயிற்காவலராக வேலை பார்த்தான். உள்ளே போன அறிஞர்களில் எத்தனை பேர் வாசலில் நின்று அந்த மனிதரிடம், "ஊசி போட்டபோது எப்படி இருந்தது?" என்று கேட்டிருப்பார்கள்?

நான் சொல்கிறேன், எப்படி இருந்தது என்று. சிறுவயதில் எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடை போடும் கொட்டகைக்குப் பின்னால் என்னை ஒரு நாய் கடித்தது. முழங்காலுக்குக் கீழே. பக்கத்து வீட்டு அத்தை ஓடிவந்து மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினாள். அவள் அன்பில் செய்தது அது. நாய் மறுநாள் செத்துக் கிடந்தது. அதன்பிறகு ஊசி. அந்தக் காலத்து மருந்து ஆட்டு மூளையில் நோய்க்கிருமியை வளர்த்து, பீனால் கலந்து செயலிழக்கவைத்துத் தயாரித்தது. டேவிட் செம்பிள் என்பவர் கசௌலியில் 1911-ல் உருவாக்கிய முறை. கடியின் தீவிரத்தைப் பொறுத்து ஏழு முதல் பதினான்கு நாள்வரை, தினம் ஒன்றாக, வயிற்றுத் தோலுக்கு அடியில் போடுவார்கள். "தொப்புளைச் சுற்றி பதினான்கு ஊசி" என்று தமிழ்நாடே பேசியது இதைத்தான்.

கண்ணாடிக் குழலைக் கொதிநீரிலிருந்து இடுக்கியால் எடுப்பார்கள். பஞ்சில் டிங்சர் தொட்டு நேற்றுப் போட்ட இடத்துக்குச் சற்றுத் தள்ளி வட்டமாகத் தடவுவார்கள். மருந்து கெட்டியாக, கலங்கலாக இருக்கும். உள்ளே இறங்கும்போது தோல் தனியாகப் பிரிந்து எழும்பும். மறுநாள் அந்த இடம் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி நிற்கும். சில நாள் போனதும் கட்டி இல்லாத இடமாகத் தேடித் தடவிப் பார்த்துத்தான் ஊசியை வைப்பார்கள். இரவில் குப்புறப் படுக்க முடியாது. அம்மா தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒற்றடம் கொடுப்பாள். அம்மாவுக்கு அத்தனை நாளும் கூலி போயிற்று. ஒருநாள் பஸ் தாமதமானதற்கு, வரிசையில் அத்தனை பேர் முன்னிலையில் அம்மாவை ஒருவர் திட்டினார். "உன் பிள்ளை செத்தால் எனக்கென்ன" என்றார். எந்த ஆஸ்பத்திரி, யார் என்று சொல்ல மாட்டேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு என் சட்டையை மேலே தூக்கிப் பிடித்தாள்.

ஆர்., எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறீர்கள் இதை? அந்தக் கண்ணாடிக் குழலை வைக்கலாம். "செம்பிள் தடுப்பூசி, 5 சதவீத ஆட்டு மூளைக் கரைசல்" என்று அட்டையும் எழுதலாம். அம்மாவின் குனிந்த தலையை வைக்க ஒரே வழி, அதைப் பார்த்தவனை வரவழைத்துச் சொல்லவைப்பதுதான்.

இது பழைய துக்கத்தைக் கிளறும் வேலை என்று யாராவது உங்கள் குழுவில் சொல்வார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சில மாதங்களுக்கு முன்பு எங்கள் தெருவில் ஒரு பையனை நாய் கடித்தது. இரண்டு நாள் வீட்டில் மூச்சுவிடவில்லை. கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்வந்தான். தற்செயலாகப் பார்த்த அவன் பாட்டி கேட்டதற்கு, "தொப்புளில் பதினான்கு ஊசி போடுவார்கள், நான் போக மாட்டேன்" என்று அழுதான். அந்தப் பையன் பிறப்பதற்குப் பல வருடம் முன்பே, 2004-ஆம் ஆண்டு இறுதியோடு, அந்த மருந்து இந்தியாவில் நின்றுபோயிற்று. சிலருக்குப் பக்கவாதம் வரவழைத்த மருந்து அது, நின்றது நல்லது. ஆனால் அதைப் பற்றிய பயம் நிற்கவில்லை. பேச்சாகவே வீடு வீடாக இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

இன்று அரசு மருத்துவமனையில் கையில் தோலுக்குள் போடுகிறார்கள்: முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில். கடி ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் எதிர்ப்புரத மருந்து செலுத்துவார்கள். அதற்கெல்லாம் முன்பு, கடித்த உடனே, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது; அதற்கு முன் ஊசி போட்டவர்கள் பிழைக்கிறார்கள். அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் போட்டதும், "அவ்வளவுதானா?" என்று நர்ஸைக் கேட்டான்.

இந்தப் பயத்தை மருத்துவர் வந்து அகற்ற முடியாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், "வலிக்காது" என்று அவர் சொல்வதைக் குழந்தைகள் நம்புவதில்லை. வயிற்றில் வாங்கிக்கொண்ட ஒரு கிழவர் எழுந்து நின்று, "எனக்கு இங்கே போட்டார்கள், இந்தப் பையனுக்குக் கையில் போட்டார்கள்" என்று சொன்னால் நம்புவார்கள். அந்தக் கிழவரும் பையனும் ஒரே மேடையில் உட்காரும் நிகழ்ச்சிதான் உங்கள் அருங்காட்சியகத்தின் முதல் நிகழ்ச்சியாக இருக்க வேண்டும். லண்டனில் நீங்கள் பார்த்த கூடத்தில் 1822-ல் கால் இழந்தவர் யாரும் வந்து பேச முடியாது. அதனால் பார்வையாளரைப் படுக்கவைக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை. நமக்கு ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். இன்னும் இருபது வருடம் போனால் இருக்க மாட்டார்கள். இந்த அவசரம் உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

மற்ற மாதங்களுக்கும் இதே வழிதான். மலேரியா மருந்தான கொய்னாவைத் தரும் சின்கோனா மரங்களை நடுவட்டத்தில் தோட்டமாகப் போட்ட மக்கைவர், மரத்தின் பட்டையை உரித்துவிட்டு, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டி, மறுபடி பட்டை வளரவைத்தார். மாணவர்களுக்கு அதைச் செய்தே காட்டலாம். ஆனால் அந்தத் தோட்டத்தில் சீனக் கைதிகள் வேலை செய்தார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். 1897-ல் மலேரியாவை ஆராய்ந்துகொண்டிருந்த மருத்துவர் ரொனால்ட் ராஸ் சீகூர் மலைச்சரிவில் தங்கியபோது அவரையே மலேரியா பிடித்தது. அந்த ஆகஸ்டில்தான் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டார். மருத்துவரைப் பேசவைத்தே தீர வேண்டுமென்றால், தாமே நோயில் விழுந்த மருத்துவரை அழையுங்கள்.

மக்காரிசன் என்ற மருத்துவர் குன்னூரில் 1918-ல் ஒரே அறையில் தொடங்கிய சத்துணவு ஆராய்ச்சி 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. பல வட்டாரத்துச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர் அவர். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, கீரை தின்ற எலிகள் தேறின. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணத்துச் சாப்பாட்டில் எலிகள் நலிந்தன. அதற்கு ஒரு மத்தியானச் சமையல் நிகழ்ச்சி போதும். ராகிக் களியும் சாமைச் சோறும் கிண்டத் தெரிந்த பெண்களைச் சமைக்கவும் பேசவும் விடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் நீலகிரிப் பழங்குடிகளின் இரத்தத்தில் அரிவாள் செல் கூறு (சிவப்பணுக்களை அரிவாள்போல் வளையவைக்கும் பரம்பரை நோயின் கூறு) இருப்பதை வெளியிட்டார்கள். இரத்தம் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் கூடலூர்ப் பக்கத்தில் இருக்கிறார்கள். சிலர் அந்த நோயோடு வாழ்கிறார்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு பழைய புகைப்படத்தைக்கூடச் சுவரில் மாட்டாதீர்கள். வந்து பேச விருப்பமா என்று கேளுங்கள். இல்லை என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

பயமுறுத்தும் கருவிகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காட்டுங்கள். பழைய தடித்த ஊசியையும் இன்றைய மெல்லிய ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முடிந்தால் கையில் எடுத்துப் பார்க்க விடுங்கள், முனையை மழுக்கிவிட்டு.

நிகழ்ச்சியை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மற்ற நாளில் தோட்டத்தில் வேலை. வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போகும். பேச வருபவர்களுக்கு பஸ் கட்டணமும் சாப்பாடும் கொடுத்துவிடுங்கள். பொன்னாடையில் செலவழிக்கும் பணம் அதற்குப் போதும். மேல்தளம் வேண்டாம், கீழ் அறையில் நடத்துங்கள்; வருபவர்களுக்கு முழங்கால் வலி இருக்கும். எஸ்டேட்டுகளுக்குப் போகும் சாயங்கால பஸ்ஸின் நேரத்தை விசாரித்து, அதற்கு அரை மணி நேரம் முன்பாக முடித்துவிடுங்கள். என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், பேச்சாளர்கள் வரிசையில் வேண்டாம், ஊசி போட்டுக்கொண்டவர்கள் வரிசையில்.