துணி வணிகர் வரலாறு படித்தால் வேலை கிடைக்குமா?

கேள்வி: என் மகள் பி.ஏ. வரலாறு இறுதியாண்டு படிக்கிறாள். இங்கிலாந்து போய் நகர வரலாறு படிக்க வேண்டுமாம். அதிலும் அந்த நாட்டுப் பழைய துணி வியாபாரிகளைப் பற்றி ஆராய வேண்டுமாம். வீட்டை அடமானம் வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார் அவளுடைய அப்பா. எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. இதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாள்?

பதில்: அம்மா, வீட்டுப் பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஆனால் மகளின் ஆசையையும் அதோடு சேர்த்துப் பூட்டிவிடாதீர்கள்.

முதலில், அவள் தேர்ந்தெடுத்த பொருள் சில்லறை விஷயமல்ல. பல நூற்றாண்டுகள் இங்கிலாந்தின் முக்கியமான ஏற்றுமதிச் சரக்கு கம்பளித் துணி. அதை விற்றவர்களே பல நகரங்களில் ஆட்சியும் செய்தார்கள். லண்டன் துணி வணிகர்களின் சங்கமான டிரேப்பர்ஸ் கம்பெனி 1364-ல் அரச சாசனம் பெற்றது. பட்டும் லினனும் விற்றவர்களின் மெர்சர்ஸ் கம்பெனிக்கு அந்நகர வணிகச் சங்கங்களின் வரிசையில் இன்றும் முதலிடம். நான்கு முறை மேயராக இருந்த ரிச்சர்ட் விட்டிங்டன் அதன் உறுப்பினர்தான். ஒரு பையன் பெரும்பாலும் ஏழு ஆண்டுகள் முதலாளி வீட்டிலேயே தங்கித் தொழில் கற்பான். பிறகு சங்கத்தில் சேர்ந்து நகரில் தொழில் செய்யும் உரிமை பெற்றுக் கடை வைப்பான். கெட்டிக்காரனாக இருந்தால் சங்கத் தலைமை, நகர மன்றம், மேயர் பதவி என்று ஏறுவான். லண்டனில் 1571-ல் திறக்கப்பட்ட ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற வணிக மண்டபத்தைக் கட்டிய தாமஸ் கிரஷாமும் மெர்சர்தான். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் நெசவுத் துறை தொடங்கியதும் துணியைப் பதப்படுத்துபவர்களின் சங்கமான லண்டன் கிளாத்வொர்க்கர்ஸ் கம்பெனியின் பணத்தில்தான்.

அந்த லீட்ஸ் நகரின் சந்தையை 1720-களில் ‘ராபின்சன் குரூசோ’ எழுதிய டேனியல் டீஃபோ விவரித்து எழுதி வைத்திருக்கிறார். காலையில் தெருவில் முக்காலிகள் போட்டு, அவற்றின்மேல் நீளமாகப் பலகைகளை அடுக்கிவிடுவார்கள். மணி அடித்ததும் நெசவாளிகள் ஆளுக்கொரு துணிச் சுருளோடு வந்து நெருக்கமாக வரிசையில் நிற்பார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கடிதத்தோடு அனுப்பிய மாதிரித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, சுருளோடு நிறம் பொருந்துகிறதா என்று பார்த்தபடி வணிகர்கள் நடப்பார்கள். பொருந்திவிட்டால் குனிந்து காதோடு விலை பேசுவார்கள்; பக்கத்தில் நிற்பவன் காதில் விழக் கூடாதல்லவா? ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும்போது ஆயிரக்கணக்கான பவுண்டு சரக்கு கைமாறியிருக்கும். பலகைகளையும் எடுத்துவிடுவார்கள். இந்தத் தெருச்சந்தை மண்டபமாக மாறியதும், பக்கத்து ஊரான ஹாலிஃபாக்ஸில் 1779-ல் 315 அறைகளோடு பீஸ் ஹால் என்ற துணிச் சந்தை மண்டபம் எழுந்ததும், அதனால் ஊரின் தெருக்களும் அதிகாரமும் இடம் மாறியதும்தான் உங்கள் மகள் படிக்க விரும்பும் நகர வரலாறு.

சரி, வேலை? இந்தப் படிப்பு கற்றுத்தரும் தொழில் ஆவண வாசிப்பு. உயில்கள், கடைச் சரக்குப் பட்டியல்கள், வரிக் கணக்குகள் ஆகியவற்றைப் பழைய கையெழுத்தில் படிக்க வேண்டும். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்று கூட்டிச் சரிபார்க்க வேண்டும். எல்லோருக்கும் இது ஒத்துவராது. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் பழைய கையெழுத்து வாசிக்கும் பயிற்சியை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. இரண்டு மாதம் மாலை வேளைகளில் அதைச் செய்யட்டும். பத்து நாளில் சலித்துவிட்டால், அவளுக்குப் பிடித்தது இங்கிலாந்துதான், இந்தப் பாடம் அல்ல. அது தெரிந்துகொள்ள ஒரு பைசா செலவில்லை.

சலிக்கவில்லை என்றால் அடுத்து அவள் போக வேண்டிய இடம் எழும்பூர். கிழக்கிந்தியக் கம்பெனி 1639-ல் சென்னையில் கால் பதித்ததே துணி வாங்கத்தான். புனித ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைக் குறிப்பேடுகள் அங்குள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன; பல தொகுதிகள் அச்சாகவும் வந்துவிட்டன. காசி வீரண்ணா போன்ற வணிகர்களோடு கம்பெனி பேரம் பேசிய கதையெல்லாம் அவற்றில் கிடைக்கும். இங்கிருந்து போன பருத்தித் துணி அங்கே கம்பளி, பட்டுத் தொழிலாளர்களைக் கொதிக்க வைத்தது. 1700-லும் 1721-லும் அதற்குத் தடைச் சட்டங்களே வந்தன. இரண்டு கரைகளின் கணக்கையும் படித்த மாணவியின் விண்ணப்பத்துக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் தனி மதிப்பு உண்டு.

பணத்தைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது. வெளிநாட்டு மாணவருக்கு அங்கே ஓராண்டு முதுகலைக் கட்டணமே பெரும்பாலும் 20,000 பவுண்டுக்கு மேல். வரலாற்றுப் படிப்பின் சம்பளத்தில் அந்தக் கடனை அடைப்பது கடினம். அங்குள்ள காப்பக வேலைகள் குறைவு, விசா விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால் எம்.ஏ. இங்கேயே படிக்கட்டும். யுஜிசி நடத்தும் நெட் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றால் ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். போட்டி கடுமை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெல்லியில் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் காப்பகவியல் டிப்ளமோ இன்னொரு வழி. டாடா, கோத்ரெஜ் போன்ற நிறுவனங்கள் சொந்தமாகக் காப்பகம் வைத்திருக்கின்றன. வணிகக் கணக்குகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு அங்கே பொருத்தமான வேலை உண்டு.

இரண்டு ஆண்டு வேலை அனுபவம் சேர்ந்த பிறகு பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணமும் வாழ்க்கைச் செலவும் அவர்கள் பொறுப்பு. முடித்ததும் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் நகர வரலாற்றுக்கெனத் தனி மையம் இயங்கி வந்திருக்கிறது. எந்த முதுகலை இப்போது நடக்கிறது என்று அவளே துறைக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கட்டும். ஏஜெண்டிடம் மட்டும் போக வேண்டாம். வரலாறு என்று சொல்லி உள்ளே போகிற பிள்ளைகளை மேலாண்மைப் படிப்புக்குத் திருப்பி அனுப்புவதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள்.