விஎம் நெட்வொர்க் கேள்வி பதில்: பாண்டி, கடலூர் பசங்க கேட்டதுக்கு

லினக்ஸ் மெஷின்ல விஎம் (விர்ச்சுவல் மெஷின், அதாவது மெஷினுக்குள்ள ஓடற இன்னொரு மெஷின்) ஓட்டுறவங்க நெட்வொர்க் பத்தி என்ன வேணாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலயே, கேட்டவங்க ஏரியா பேரைப் போட்டு பதில் போடுறேன்.

லாஸ்பேட்டை: அண்ணா, விர்ச்சுவல்பாக்ஸ்ல (விஎம் ஓட்டற சாஃப்ட்வேர்) உபுண்டு சர்வர் போட்டேன். உள்ள நெட் வருது, ஐபி 10.0.2.15. லேப்டாப்ல இருந்து பிங் போகல, எஸ்எஸ்எச்சும் (நெட்வொர்க் வழியா மெஷினுக்குள்ள லாகின் பண்றது) ஆகல.

பதில்: தம்பி, உன் செட்டப்ல கோளாறு எதுவும் இல்ல, அது நாட் மோடு, விஎம் உன் லேப்டாப்போட ஐபிக்குப் பின்னாடி ஒளிஞ்சு வெளிய போறது. விஎம் வெளிய போகலாம், வெளிய இருந்து யாரும் தானா உள்ள வர முடியாது. ஒவ்வொரு விஎம்முக்கும் தனித்தனி நாட், அதனால பத்து விஎம் போட்டாலும் பத்துக்கும் அதே 10.0.2.15 தான் காட்டும், பயப்படாத. எஸ்எஸ்எச் மட்டும் போதும்னா போர்ட் ஃபார்வர்டிங்ல ஹோஸ்ட் (உன் லேப்டாப்) 2222, கெஸ்ட் (விஎம்) 22ன்னு போட்டு, 127.0.0.1க்கு 2222 போர்ட்ல கனெக்ட் பண்ணு. விஎம்மோட நேரா பேசணும்னா நாட்டை எடுக்காம ரெண்டாவது அடாப்டரா ஹோஸ்ட்-ஒன்லி (லேப்டாப்புக்கும் விஎம்முக்கும் மட்டுமான நெட்வொர்க்) சேத்துக்கோ, 192.168.56ல ஒரு ஐபி கிடைக்கும்.

மஞ்சக்குப்பம்: கேவிஎம்ல (லினக்ஸோட சொந்த விஎம் வசதி) விஎம் ஸ்டார்ட் பண்ணா டிஃபால்ட் நெட்வொர்க் ஆக்டிவ்வா இல்லைன்னு எரர் வருது சார்.

பதில்: டெர்மினல்ல ரெண்டு கமாண்ட் குடுங்க. மொதல்ல விர்ஷ் நெட்-ஸ்டார்ட் டிஃபால்ட். அடுத்து விர்ஷ் நெட்-ஆட்டோஸ்டார்ட் டிஃபால்ட். ரெண்டாவதை விட்டீங்கன்னா அடுத்த ரீபூட்ல திரும்ப இதே எரர் வரும்.

ரெட்டியார்பாளையம்: ஆபீஸ் சர்வர்ல பிரிட்ஜ் போடணும், வீட்டுல இருந்து எஸ்எஸ்எச்ல பண்ணிடலாமா?

பதில்: வேணாம். பிரிட்ஜ்ங்கறது விஎம்மை நேரா ஆபீஸ் நெட்வொர்க்லயே சேத்து விடற, மெஷினுக்குள்ளயே இருக்கற ஒரு சுவிட்ச் மாதிரி. அதைப் போடும்போது ஈதர்நெட் கார்டுல இருக்கற ஐபி பிரிட்ஜுக்கு மாறணும், அந்த நடுவுல ஒரு வரி தப்பினா உங்க எஸ்எஸ்எச் அங்கேயே போச்சு. நான் கடலூர் வீட்டுல உக்காந்து பாண்டில இருக்கற சர்வர்ல இதைப் பண்ணி, ராத்திரி பஸ் புடிச்சு கன்னியக்கோவில், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு போய் கீபோர்டை மாட்டி சரி பண்ணிட்டு வந்தவன். உபுண்டுல நெட்வொர்க் செட்டிங் மாத்தற நெட்பிளான்ல, நெட்பிளான் ட்ரைன்னு போட்டா 120 செகண்ட்ல நீங்க ஓகே சொல்லலைன்னா பழைய செட்டிங்குக்கு போயிடும், ஆனா பிரிட்ஜுக்கு தனியா பாராமீட்டர் எழுதியிருந்தா அதை அதால திருப்ப முடியாது, அதனால அதையும் முழுசா நம்பாதீங்க. மெஷின் முன்னாடி உக்காந்து பண்ணுங்க.

நெல்லிக்குப்பம்: லேப்டாப் வைஃபைல இருக்கு. கேவிஎம்முக்குப் போட்ட பிஆர்0ங்கற பிரிட்ஜ்ல வைஃபை கார்டை சேர்த்தா ஏத்துக்க மாட்டேங்குது. டிரைவர் பிரச்சினையா?

பதில்: டிரைவர் இல்ல, வைஃபையோட அமைப்பே அப்படி. உங்க லேப்டாப் ரவுட்டர்ல சேரும்போது ஒரு மேக் அட்ரஸ்ல (நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பர்) தான் சேருது. பிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கற விஎம் 52:54:00ன்னு ஆரம்பிக்கற தன்னோட சொந்த மேக்ல பாக்கெட் அனுப்புது, அந்த ஆளை எனக்குத் தெரியாதேன்னு ரவுட்டர் தள்ளிடும். சாதாரண வைஃபை ஃப்ரேம்ல (பாக்கெட்டை சுமந்துட்டுப் போற உறை) அனுப்புனவர், ரவுட்டர், போய் சேர வேண்டியவர்னு மூணு அட்ரஸுக்குத் தான் இடம், அனுப்புனவரும் லேப்டாப்பும் வேற வேற ஆளுன்னு சொல்ல நாலாவது இடம் வேணும். கேபிள் போடுங்க, இல்ல நாட்டுலயே இருங்க.

முத்தியால்பேட்டை: சார் தப்பா சொல்றீங்க. நான் வைஃபைலயே விர்ச்சுவல்பாக்ஸ் பிரிட்ஜ்டு மோடு போட்டு ஆறு மாசமா ஓட்டுறேன், ரவுட்டர் தனி ஐபி குடுக்குது.

பதில்: ஓடும், நான் மறுக்கல. ஆனா அது உள்ள என்ன பண்ணுதுன்னு பாருங்க. வெளிய போற பாக்கெட்ல விஎம்மோட மேக்கை எடுத்துட்டு உங்க வைஃபை கார்டோட மேக்கை வைக்குது, திரும்பி வர்றதை ஐபியைப் பாத்து எந்த விஎம்முக்குன்னு கண்டுபுடிச்சு மேக்கை மாத்திக் குடுக்குது. லினக்ஸோட பிரிட்ஜ் அப்படி மாத்தாது, வந்த ஃப்ரேமை வந்தபடியே அனுப்பும்.

முத்தியால்பேட்டை: எப்படியோ ஆகுதுல்ல? முடியாதுன்னு ஏன் பசங்களை பயமுறுத்துறீங்க? நாலு அட்ரஸ் மோடும் லினக்ஸ்ல இருக்கே.

பதில்: இருக்கு, ஆனா ரவுட்டரும் அதுக்கு ஒத்துக்கணும், வீட்டுக்கு குடுக்கற ரவுட்டர் பெரும்பாலும் ஒத்துக்காது. நெல்லிக்குப்பம் தம்பி கேட்டது கேவிஎம்ல பிஆர்0 பத்தி, அதுல முடியாதுன்னு தான் சொன்னேன். விர்ச்சுவல்பாக்ஸ்னா ஆகும்னு நானும் மொதல்லயே ஒரு வரி சேத்திருக்கணும், அதை ஒத்துக்கறேன். 

வில்லியனூர்: விர்ச்சுவல்பாக்ஸ்ல 10.0.2.15 வருது, பிங் போகல...

பதில்: லாஸ்பேட்டை தம்பிக்கு சொன்னது தான்.

திருப்பாதிரிப்புலியூர்: விஎம்மை காப்பி பண்ணேன், மேக் வேற வேற தான், ஆனா ரெண்டுக்கும் ஒரே ஐபி வருதுங்க.

பதில்: நல்ல கேள்வி, நிறைய பேர் மேக்கோட நிறுத்திடறாங்க. உபுண்டு சர்வர்ல டிஎச்சிபி (தானா ஐபி வாங்கற முறை) கேக்கறது மேக்கை வச்சு இல்ல, ஈடிசி ஃபோல்டர்ல இருக்கற மெஷின்-ஐடியில இருந்து உண்டாக்கற அடையாளத்தை வச்சு. காப்பி எடுத்தா அதுவும் சேந்தே வந்துடும். காப்பில அந்த ஃபைலை காலி பண்ணி, டெலீட் இல்ல, காலி, ரீபூட் பண்ணுங்க, புதுசா எழுதிக்கும்.

அரியாங்குப்பம்: டாக்கர் போட்டதுல இருந்து பிரிட்ஜ்ல இருக்கற விஎம்முக்கு நெட் இல்ல.

பதில்: டாக்கர் (ஆப்களை கன்டெய்னர்ல ஓட்டற சாஃப்ட்வேர்) ஐபிடேபிள்ஸ்ல, அதாவது லினக்ஸ் ஃபயர்வால்ல, ஃபார்வர்டு பாலிசியை டிராப்புன்னு (வழியா போற பாக்கெட்டை தூக்கிப் போடுன்னு) மாத்திடும், பிரிட்ஜ் டிராஃபிக்கும் அதுல மாட்டுது. அதே ஃபயர்வால்ல இருக்கற டாக்கர்-யூசர் செயின்ல (விதிகளோட பட்டியல்) பிஆர்0ல வந்து பிஆர்0லயே போறதுக்கு அக்செப்ட் குடுங்க.

கடலூர் ஓல்டு டவுன்: எனக்கும் 10.0.2.15 தான் வருது அண்ணா...

பதில்: மேல மொத பதிலைப் படிங்க. மூணாவது தடவை எழுத மாட்டேன்.

நெல்லிக்குப்பம்: கேபிள் போட்டேன் அண்ணா, விஎம்முக்கு ரவுட்டர்ல இருந்து ஐபி வந்துடுச்சு! ஆனா லேப்டாப்புக்கு நெட் போச்சு.

பதில்: ஐபி இன்னும் ஈதர்நெட் கார்டு மேலயே இருக்கும். கார்டை பிரிட்ஜ்ல சேத்தப்புறம் அது வெறும் போர்ட், அதுக்கு ஐபி கூடாது. கார்டுல டிஎச்சிபியை ஆஃப் பண்ணி பிஆர்0ல ஆன் பண்ணு. லேப்டாப் உன் மடியிலயே இருக்கறதால தைரியமா பண்ணு, இதையே எஸ்எஸ்எச்ல பண்ணியிருந்தா இந்நேரம் பஸ்ல இருப்ப.