படத்தையும் வேலையையும் ஒன்றாகக் கேட்காதீர்கள்

கேள்வி (சுருக்கம்): மட்டக்களப்பில் ஒரு தனியார் செய்தி நிறுவனத்தில் நான்கு வருடம் புகைப்பட ஊடகவியலாளராக இருந்தேன். மாதம் 25,000 ரூபாய். நியமனக் கடிதமும் ஈபிஎஃப்பும் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை. அதே வேலை செய்த ஆண்கள் இருவருக்கு இரண்டும் உண்டு, சம்பளமும் அதிகம். ஆர்ப்பாட்டம், நீதிமன்றம் என்றால் அவர்கள். பாடசாலை விளையாட்டுப் போட்டி, புடவைக்கடைத் திறப்பு என்றால் நான். ‘பொம்பிளப் பிள்ளை, உன்னை எங்க அனுப்புறது’ என்பார் ஆசிரியர். மயிலத்தமடு பண்ணையாளர் போராட்டத்துக்கு நானாகவே ஸ்கூட்டியில் போய் எடுத்த படம் வேறொருவர் பெயரில் வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று வாட்ஸ்அப்பில் பதில். ஐந்து மாதம் ஆகிறது. பால்நிலைப் பாகுபாட்டுக்கும் படத் திருட்டுக்கும் வழக்குப் போட வேண்டும். சம்பளப் பாக்கி தரும்வரை அவர்களின் கமராவைக் கொடுக்க மாட்டேன்.
– களுவாஞ்சிகுடி வாசகி

பதில்: சகோதரி, கடிதத்தில் நிறைய மனவேதனை இருக்கிறது. நீதிமன்றம் கேட்கப்போவது ஒன்றைத்தான்: நீங்கள் அந்த நிறுவனத்தின் தொழிலாளியா, சுயாதீன ஊடகவியலாளரா? மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும்.

பாகுபாட்டைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடுக்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான் நிற்கும், அதுவும் ஒரு மாதத்துக்குள். அரச ஊடகமாக இருந்திருந்தால் பேச்சு வேறு. சம ஊதியம் பற்றிய சர்வதேச தொழில் தாபனத்தின் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றது உண்மை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தனியார் முதலாளியை மன்றுக்கு இழுக்க முடியாது. ஆசிரியரின் பேச்சு பாலியல் தொந்தரவு வரை போயிருந்தால் அது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, பொலிஸ் விடயம். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

ஆனால் அந்த ஆண்கள் இருவரையும் மறந்துவிடாதீர்கள். அதே கமரா, அதே ஆசிரியரின் கட்டளை, அதே வாட்ஸ்அப் குழு, அவர்களுக்கு மட்டும் ஈபிஎஃப். நீங்களும் தொழிலாளிதான் என்று காட்ட இதைவிட நல்ல சாட்சியம் கிடையாது. குறையாகச் சொன்னால் வெறும் குறை. சாட்சியமாகக் கொடுத்தால் வழக்கின் முதுகெலும்பு.

இனி, என்னிடம் வருபவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழிக்கு வருகிறேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, தொழிலாளி வேலையின் போக்கில் எடுத்த படத்தின் பொருளாதார உரிமை, அதாவது அதை வெளியிட்டுப் பணம் பார்க்கும் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கு. சுயாதீனமாக எடுத்தவருக்கோ படம் சொந்தம், ஆனால் வேலை நீக்க வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாயசபையின் கதவு பெரும்பாலும் மூடிவிடும். நீங்கள் இரண்டையும் கேட்கிறீர்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

நடப்பது இதுதான். கோபத்தில் முதலில் படத்துக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் போகும்: ‘சுயாதீனப் புகைப்பட ஊடகவியலாளராகிய நான்...’ என்று தொடங்கும். இரண்டு மாதம் கழித்து, வேலை நீக்கம் அநீதியானது என்று விண்ணப்பம் போகும். முதல் தவணையிலேயே எதிர்த்தரப்பு அந்தக் கடிதத்தைத் தன் முதல் சான்றாக, ‘ஆர் 1’ என்று அடையாளமிட்டு நீட்டும். குறுக்கு விசாரணையில் ஒரே கேள்விதான்: ‘இது உங்கள் கையொப்பமா?’ உங்கள் ஃபேஸ்புக் பக்கத்திலும் ‘சுயாதீன’ என்றுதான் போட்டிருப்பீர்கள். களத்தில் உள்ள எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். இப்போது அதை அழிக்கப் போகாதீர்கள். ஸ்கிரீன்சொட் அவர்களிடம் ஏற்கனவே இருக்கும், பிறகு அழித்ததுதான் கேள்வியாகும். பக்கத்தில் போடும் பெயர் வேறு, மாதச் சம்பளம் வேறு என்று விளக்கிக்கொள்ளலாம். கையொப்பமிட்ட கடிதத்தை விளக்குவது கஷ்டம்.

ஆகவே ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். நான் என்றால் வேலையைத்தான் எடுப்பேன். படத்துக்கான வழக்கு கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகும். ஒவ்வொரு தவணைக்கும் நீங்கள் இரவு ரயில் ஏற வேண்டும். அத்தோடு அவர்களின் கமராவில், அவர்களுக்காக எடுத்த படம். ‘நானாகவே போனேன்’ என்பது வாதமாகும், ஆனால் வெற்றியாகும் என்று எழுதித் தர மாட்டேன். தொழில் நியாயசபை மட்டக்களப்பிலேயே இருக்கிறது. வேலை நீக்க விண்ணப்பத்துக்கு ஆறு மாதம்தான். உங்களுக்கு இருப்பது ஒரு மாதம், அதிலும் வாட்ஸ்அப் செய்தி வந்த தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

கமராவை இன்றே கொடுங்கள். சம்பளப் பாக்கிக்கு ஈடாகப் பிடித்து வைத்தால் நம்பிக்கை மோசடி என்று பொலிஸில் முறைப்பாடு போகும். விண்ணப்பதாரியாக இருக்க வேண்டியவர் சந்தேகநபராக நிற்பார். கமராவின் உடல், லென்ஸ், பற்றரி, மெமரி கார்ட் ஒவ்வொன்றையும் தொடர் இலக்கத்தோடு எழுதி, அலுவலகத்தில் கையொப்பம் வாங்குங்கள். உங்கள் படங்களின் மூலக் கோப்புகளில் ஒரு பிரதி சாட்சியத்துக்கு இருக்கட்டும், வெளியிடவோ விற்கவோ வேண்டாம்.

அப்புறம், இணக்கம். மன்றில் வென்றாலும் அவர்கள் மேல்முறையீடு போனால் வருடங்கள் ஓடும். கொஞ்சம் குறைந்தாலும் பேசி முடிக்கத்தான் சொல்வேன். பிடி உங்கள் கையில் இருக்கிறது: ஈபிஎஃப். நான்கு வருடத்துக்கு முதலாளியின் 12 வீதம், உங்கள் 8 வீதம், பிந்தியதற்கான மிகைக்கட்டணம். தொழில் அலுவலகத்தில் ஒரு முறைப்பாடு போதும், அதற்கு அந்த ஆறு மாதக் கணக்கும் இல்லை. ஆனால் பேச்சுவார்த்தை நடக்கிறது என்று விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ‘அடுத்த கிழமை பார்ப்போம்’ என்று சொல்லியே ஆறு மாதத்தைக் கடத்துபவர்கள் உண்டு. முதலில் விண்ணப்பம், பிறகு பேச்சு.

பேசும்போது அந்த மயிலத்தமடு படத்தின் பெயரையும் கேளுங்கள். பொருளாதார உரிமை யாருடையதாக இருந்தாலும், படத்தில் தன் பெயர் வரவேண்டும் என்ற தார்மீக உரிமை அதே புலமைச் சொத்துச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி எடுத்தவருக்கே. இணையப் பதிவில் பெயரை மாற்ற அவர்களுக்கு ஒரு சதம் செலவில்லை, ஆகவே ஒத்துக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவரும் இணக்கப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் ‘சகல தார்மீக உரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறேன்’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். எழுத்தில் விட்டுக்கொடுத்தால் அது செல்லும். அந்த வரியை வெட்டாமல் கையொப்பம் வைக்காதீர்கள்.