நின்ற பிறகு வழியும் வியர்வை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சில ஆண்டுகள் வேலைக்கு ஓடியே போய்வந்ததாக ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை நம்பி நானும் முயன்று பார்த்தேன். வீட்டிலிருந்து அலுவலகம் 7 கிலோமீட்டர். பேருந்தில் போனால் காத்திருப்பும் நடையும் சேர்த்து 50 நிமிடம், ஓடினால் 45 நிமிடம். ஐந்து நிமிடம் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். மூன்று நாள்தான் ஓடினேன். முதல் நாள், போய்ச் சேர்ந்ததும் கழிவறையில் முகம் கழுவி, உடம்பைத் துடைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு ஒன்பதரை மணிக் கூட்டத்தில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் சட்டையின் முதுகுப்புறம் முழுவதும் நனைந்துவிட்டது. இரண்டாம் நாள் பெல்ட்டை மறந்தேன். மூன்றாம் நாள் ஈர உடைகளைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து மேசைக்கு அடியில் வைத்திருந்தேன். மதியத்துக்குப் பிறகு பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து சன்னலைத் திறந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். எங்கள் அலுவலகத்தில் குளியலறை கிடையாது. குளியலறை உள்ள இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டுமே ஆகக்கூடிய காரியமா இது? விட்டுவிடலாமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

விட வேண்டாம். குளியலறை இல்லாததைப் பெரிய குறையாக நினைக்கிறீர்கள். நான் வேலைபார்த்த இடத்திலும் அது கிடையாது. ஒரு கை கழுவும் தொட்டியும் தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு கதவும்தான் இருந்தன. உங்கள் முதல் நாள் சட்டையை நனைத்தது குளியலறை இன்மை அன்று. போய்ச் சேர்ந்த உடனே துடைத்துக்கொண்டு உடுத்தியதுதான் தவறு. அருமையான குளியலறை இருந்திருந்தாலும், உடனே குளித்து உடனே உடுத்தியிருந்தால் அந்தச் சட்டை நனைந்தே இருக்கும்.

ஓடும்போது உடலுக்குள் எவ்வளவு வெப்பம் சேர்கிறது என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். சமதரையில் ஓடுபவர், எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவழிக்கிறார். உங்கள் எடையை 70 கிலோ என்று வைத்துக்கொண்டால் 7 கிலோமீட்டருக்கு 490 கிலோகலோரி ஆகிறது. இதில் முக்கால் பங்குக்கும் மேல் வெப்பமாகத்தான் மாறுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதுமாக ஆவியானால் 580 கிலோகலோரி அளவுக்கு வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆக, நீங்கள் வெளியேற்ற வேண்டிய வெப்பத்துக்குக் குறைந்தது அரை லிட்டருக்கு மேல் வியர்வை ஆவியாக வேண்டும். ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுவது இந்தக் கணக்கில் சேராது. காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் சொட்டுவதே அதிகம் என்பதால், அதே தூரத்துக்கு உடல் இன்னும் கூடுதலாக வியர்க்கிறது.

ஓட்டத்தை நிறுத்தும்போது இந்த வெப்பம் முழுவதும் போய்விட்டிருக்காது. ஓடிக்கொண்டிருந்தவரை எதிர்க்காற்று உடம்பின்மீது பட்டு வியர்வையை உலர்த்திக்கொண்டிருந்தது. நின்றதும் அந்தக் காற்று நின்றுவிடுகிறது, உள்ளே இருக்கும் வெப்பமோ அப்படியே இருக்கிறது. வழியெல்லாம் அவ்வளவாகத் தெரியாத வியர்வை அலுவலக வாசலில் நின்றவுடன் நெற்றியிலிருந்து வழியத் தொடங்குவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அது அடங்குவதற்குக் கால் மணி நேரமாவது ஆகும், வெயில் நாளில் இருபது நிமிடமும் ஆகும். அந்த நேரத்தில் மிகவும் குளிர்ந்த நீரைச் சிறிது நேரம் ஊற்றிக்கொண்டால் தோல் மட்டும் குளிர்ந்து, எல்லாம் முடிந்துவிட்டது போன்ற ஒரு மயக்கம் உண்டாகும். சட்டையைப் போட்ட பிறகு உள்வெப்பம் மறுபடி மேலே வரும். வெந்நீர் நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

எனவே உங்கள் கணக்கில் விடுபட்டது இந்தக் கால் மணி நேரம். ஓட்டம் 45 நிமிடம், உடை மாற்றப் பத்து நிமிடம் என்று எண்ணியிருப்பீர்கள். வீட்டுக் கதவைச் சாத்துவது முதல் மேசையில் உட்காருவது வரை என்று எண்ணிப் பாருங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரை நடந்தே கடக்க வேண்டும் என்பது என் கண்டிப்பான கருத்து. நடையில் வெப்ப உற்பத்தி பெரிதும் குறைவதால், ஆறும் வேலை வழியிலேயே தொடங்கிவிடும். அப்படியானால் ஓட்டமும் நடையுமாக 50 நிமிடம், மின்விசிறிக்கு எதிரே ஓட்ட உடையுடனேயே சும்மா உட்கார்ந்திருக்கக் கால் மணி நேரம், துடைத்து உடுத்தப் பத்து நிமிடம், ஈரத் துணியை அலசிக் காயப்போட ஐந்து நிமிடம். மொத்தம் 80 நிமிடம். பேருந்தைவிட அரை மணி நேரம் அதிகம். ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் புறப்பட்டவருக்கு இது கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதை ஏற்றுக்கொள்ளாமல் ஓடினால் ஒவ்வொரு முறையும் சட்டைதான் நனையும். அந்தக் கால் மணி நேரத்தை நான் மின்னஞ்சல்களைப் படிப்பதற்கு வைத்திருந்தேன். பதில் எழுத மாட்டேன், கை ஈரமாக இருக்கும்.

இனி, குளியலறை இல்லாமல் எப்படி என்பது. குளியலை வீட்டிலேயே, ஓடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஓடப்போகிறவன் எதற்குக் குளிக்க வேண்டும் என்று என் வீட்டில் சிரித்தார்கள். புதிதாகச் சுரக்கும் வியர்வை பெரும்பாலும் நீரும் உப்பும்தான், அதற்கு வாடையே கிடையாது எனலாம். அக்குள் போன்ற இடங்களில் சுரப்பதைத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது, அதற்குச் சிறிது நேரமும் பிடிக்கிறது. சோப்புப் போட்டுக் குளித்த தோலோடும் துவைத்த உடையோடும் ஓடி, ஒரு மணி நேரத்துக்குள் துடைத்துவிட்டால், நாற்றத்துக்குப் பெரிதாக இடம் இராது. நேற்றைய ஓட்ட உடையை ‘இன்னொரு நாள் போடலாம்’ என்று போட்டுக்கொண்டு வருபவருக்கு அலுவலகத்தில் குளியலறை இருந்தும் பயனில்லை. டியோடரண்ட், ஆன்டிபெர்ஸ்பிரண்ட் இரண்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். முன்னது நாற்றத்தை மட்டும் மட்டுப்படுத்தும். பின்னதில் உள்ள அலுமினிய உப்புகள் வியர்வை நாளங்களின் வாயைத் தற்காலிகமாக அடைக்கும். நாளங்களில் வியர்வை ஓடிக்கொண்டிருக்கும்போது பூசினால் அந்த உப்பு அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால், அதை முந்தைய இரவு உலர்ந்த தோலில் பூசுவதே நல்லது.

துடைப்பதற்கு இரண்டு சிறிய துண்டுகள் போதும், ஒன்று ஈரத்துக்கு, ஒன்று உலர்த்த. முகம், கழுத்து, மார்பு, முதுகு, அக்குள், கடைசியில் தொடையிடுக்கும் பாதமும் என்ற வரிசையில், துண்டை இடையிடையே அலசி, இரண்டு முறை துடையுங்கள். ஒருமுறை துடைத்தால் உப்பு மிஞ்சிப் பகலெல்லாம் அரிக்கும். தொடையிடுக்கையும் கால்விரல் இடுக்குகளையும் நன்றாக உலர்த்தாமல் உள்ளாடையையும் காலுறையையும் போடுவதுதான் படர்தாமரைக்கு வழிவிடுவது. பிறகு தொட்டியைச் சுற்றிச் சிந்திய தண்ணீரை நீங்களே துடைத்துவிட்டு வாருங்கள். அலுவலகத்தில் ஓட்டக்காரர்மீது வரும் முதல் புகார் வாடையைப் பற்றியதாக இராது, ஈரத் தரையைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

நீண்ட தலைமுடி உள்ளவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் முழுத் தீர்வாகாது. முடியை இறுக்கிக் கட்டி, நெற்றியில் பட்டை அணிந்து ஓடினாலும் வேர்ப்பகுதி நனையும், உலரவும் நேரமாகும். என்னோடு ஓடிவந்த பெண் ஒருவர் இதனாலேயே காலையில் ஓடுவதை நிறுத்திவிட்டு மாலையில் மட்டும் ஓடினார். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பை விஷயத்தில் என் கருத்து சற்றுப் பிடிவாதமானது: ஓடும் நாளில் பையே வேண்டாம். முதுகில் ஒட்டிக்கிடக்கும் பை, வியர்வை ஆவியாகக்கூடிய பரப்பில் ஒரு பெரும் பகுதியை மூடிவிடுகிறது, ஒவ்வொரு அடிக்கும் குதிக்கிறது, தோளில் உராய்ந்து புண்ணாக்குகிறது. பேருந்தில் போகும் நாட்களில் அடுத்த இரண்டு ஓட்ட நாட்களுக்குரிய சட்டை, கால்சட்டை, உள்ளாடை, காலுறை ஆகியவற்றைக் கொண்டுபோய் இழுப்பறையில் வைத்துவிட்டு, அழுக்கானவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அலுவலகக் காலணி அங்கேயே கிடக்கட்டும். மடிக்கணினியை முதுகில் போட்டுக்கொண்டு ஓட வேண்டாம். அதை எடுத்துவர வேண்டிய நாளில் பேருந்தில் வாருங்கள். அப்படியும் பை தவிர்க்க முடியாததாக இருந்தால், மார்பிலும் இடுப்பிலும் பட்டை உள்ளதாக, நிரப்பிய பின் மூன்று கிலோவுக்குள் இருப்பதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவை அசையாதபடி துணிகளைச் சுருட்டி இடைவெளியில் திணியுங்கள். முதுகு வியர்வை பைத்துணியைத் தாண்டி உள்ளே இறங்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒரு நீர்புகாப் பைக்குள் போட்டு வையுங்கள்.

மறதியைப் பற்றி நீங்கள் வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். நான் ஒருநாள் கால்சட்டையையே மறந்துவிட்டு, ஓடிவந்த அரைக்காற்சட்டையோடு மேசைக்குப் பின்னால் பகல் உணவு வேளை வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். அன்று பார்த்துத்தான் மேலதிகாரி என்னை மூன்று முறை தன் அறைக்கு அழைத்தார். மூன்று முறையும் தொலைபேசியிலேயே பேசிச் சமாளித்தேன். அதற்குப் பிறகு ஒரு முழுச் செட்டு உடையை இழுப்பறையின் அடியில் வைத்து, அதை எந்த அவசரத்துக்கும் எடுப்பதில்லை, எடுத்தால் மறுநாளே மாற்று வைத்துவிடுவது என்று விதித்துக்கொண்டேன். சட்டையின் நிறத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வெளிர்நீலமும் சாம்பலும் ஈரத்தைப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும், வெள்ளையும் அடர்நீலமும் ஓரளவு மறைக்கும்.

உங்கள் மூன்றாம் நாளுக்கு வருகிறேன். ஈரத்துணியைக் காற்றுப் புகாத பையில் எட்டு மணி நேரம் முடிந்து வைப்பது, பாக்டீரியாக்களுக்குச் சத்திரம் கட்டிக்கொடுப்பதற்குச் சமம். அதிலும் ஓட்ட உடைகள் பெரும்பாலும் பாலியஸ்டர். பருத்தி நீரைக் குடித்துக் கனத்துவிடும், உராய்ந்து தோலைப் புண்ணாக்கும் என்பதால் ஓட்டத்துக்குப் பாலியஸ்டர்தான் ஏற்றது, அது விரைவில் உலரவும் செய்கிறது. ஆனால் நாற்றத்தைப் பருத்தியைவிட அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1970-இல் பாஸ்டன் மாரத்தானை வென்ற ஆங்கிலேயர் ரான் ஹில், துணி வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், வேலைக்கு ஓடியே போய்வந்தவர். பந்தயங்களில் ஓட்டை ஓட்டையான வலைப்பனியன் அணிந்து ஓடியவர், பிறகு ஓட்ட உடைகளை வடிவமைத்து விற்கவும் தொடங்கினார். உடம்பைக் காற்று தொட வேண்டும் என்பதை அவருடைய அந்தப் பனியனைவிட எளிதாக விளக்க முடியாது. உங்கள் உடையும் இயன்றவரை மெல்லியதாக, தளர்வாக இருக்கட்டும். மாற்றியவுடன் அதை வெறும் தண்ணீரில் அலசி, உலர்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி முறுக்கிப் பிழியுங்கள். பாதி ஈரத்தைத் துண்டு வாங்கிக்கொள்ளும், மாலைக்குள் காய்ந்துவிடும். வீட்டில் துவைக்கும்போது துணி மென்மையாக்கி ஊற்ற வேண்டாம், அது இழைகளின்மேல் படிந்து ஈரத்தை உறிஞ்சிக் கடத்தும் தன்மையைக் குறைத்துவிடும். காலணியின் உட்தகட்டை உருவி, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள்.

எங்கே காயப்போடுவது என்பதற்குத் துப்புரவுப் பணியாளர்களைக் கேளுங்கள். கட்டடத்தில் எந்த மூலையில் காற்று வரும், எந்த அறைக்கு யாரும் வருவதில்லை, எந்தக் குழாயில் தண்ணீர் நன்றாக வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு கம்பியைக் காட்டிக்கொடுத்தவர் அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாதான். மேலாளரிடம் கேட்டிருந்தால் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்களுக்கு நான் சொல்லும் யோசனை காலை ஓட்டத்தைச் சில வாரங்கள் ஒத்திவைப்பதுதான். காலையில் அலுவலக உடையில் பேருந்தில் போங்கள், ஓட்ட உடையையும் காலணியையும் கையோடு கொண்டுபோங்கள், மாலையில் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடுங்கள். கழற்றிய கால்சட்டை இழுப்பறையில் இருக்கட்டும். சட்டையை மட்டும் ஒரு சிறு பையில் சுருட்டி எடுத்துவந்தால் போதும், கசங்கினாலும் அது துவைக்கப் போவதுதான். நேரத்தோடு போக வேண்டிய கூட்டம் இல்லை, ஆறுவதற்கு எவ்வளவு நேரமானாலும் கேட்பாரில்லை, குளியலறை உங்களுடையது. இருட்டிய பின் ஓடுவதானால் ஒளி பிரதிபலிக்கும் பட்டை அணிந்து, நடைபாதை இல்லாத இடங்களில் வண்டிகளை எதிர்நோக்கி ஓடுங்கள். இப்படி வாரம் இருமுறை ஒரு மாதம் ஓடினால், தூரமும் உடையும் பழகிவிடும். அதன் பிறகு வாரத்தில் ஒரே ஒரு காலை ஓட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஓடிய காலத்திலும் காலை ஓட்டம் வாரம் இரண்டைத் தாண்டியதில்லை. ஒன்பதரை மணிக் கூட்டம் உள்ள நாள் அந்த நாளாக இருக்க வேண்டாம்.

சன்னலைத் திறந்தவரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுவது நல்லது. அவருக்குக் காரணம் ஏற்கெனவே தெரியும், நீங்களும் அறிந்திருக்கிறீர்கள் என்பதுதான் தெரியாது.

அன்புடன்.

பி.கு.: பெல்ட் ஒன்றை இன்றே அலுவலகத்தில் விட்டுவிட்டு வாருங்கள். வீட்டிலிருப்பது வீட்டிலேயே இருக்கட்டும்.